பி.எஸ். 6 லாரியும் அதன் புகை வடிகட்டியும்

வண்டி இழுக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் டி.பி.எஃப். அடைத்துவிட்டது என்று பெரிய தொகையாகச் சொல்கிறார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற ஒருவர், "அண்ணா, அதை வெட்டி எடுத்துட்டு நேர் பைப் அடிச்சிருங்க, தொல்லை ஒழிஞ்சுது" என்பார். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் 2020க்குப் பிறகு லாரி வாங்கிய பலரும் இந்த யோசனையைக் கேட்டிருப்பார்கள்.

அப்படி வெட்டி எடுத்தால் தொல்லை ஒழியாது. வடிகட்டி தானாக அடைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. ஒழுகும் இன்ஜெக்டரின் கரி, தேய்ந்த டர்போ விடும் ஆயில், தரம் பொருந்தாத ஆயிலின் சாம்பல், மணிக்கணக்கில் நின்றபடி ஓடிய இன்ஜினின் புகை எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வடிகட்டியை மட்டும் சுத்தம் செய்து மாட்டினால் சில மாதத்தில் அதே விளக்கு மறுபடியும் எரியும். அதனால் இந்த அத்தியாயம் வடிகட்டியைப் பற்றிப் பேசுவதைவிட அதற்கு முன்னால் நடப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

உங்கள் வண்டி எந்த விதியில் வருகிறது

முதலில் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். புகை விதிக்கென்று ஒரு வரி அதில் இருக்கும். பி.எஸ். 4 விதி 2010 ஏப்ரலில் பெருநகரங்களில் தொடங்கி, 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதற்கும் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29 அன்று, விற்காமல் நிற்கும் பி.எஸ். 3 வண்டிகளை இனி விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசி இரண்டு நாள் தள்ளுபடியில் வண்டி எடுத்தவர்களுக்கு அது மறந்திருக்காது. பி.எஸ். 5 என்ற படியை அரசு தாண்டிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக பி.எஸ். 6.

கனரக இன்ஜின்களுக்கு இந்தத் தாவலில் என்ன மாறியது என்பதை எண்ணில் பார்த்தால்தான் வடிகட்டி எதற்கு வந்தது என்று புரியும். ஏற்ற இறக்கமாக ஓட்டிச் செய்யும் சோதனையில், பி.எஸ். 4 வண்டி ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 3.5 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை விடலாம். பட்டறையில் நாக்ஸ் என்கிறார்களே, அதுதான். பி.எஸ். 6இல் அதன் எல்லை 0.46 கிராம். புகைத்துகளின் எடை 0.03இல் இருந்து 0.01 கிராமுக்கு இறங்கியது. இவற்றோடு, துகள்களை எடையால் மட்டுமின்றி எண்ணிக்கையாலும் அளக்கும் விதி வந்தது: ஒரு கிலோவாட் மணிக்கு 60,000 கோடி துகள்களுக்கு மேல் போகக் கூடாது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும், வடிகட்டி இல்லாத டீசல் இன்ஜின் விடுவது இதைவிடப் பல மடங்கு. பி.எஸ். 4 லாரிகள் பெரும்பாலும் டி.பி.எஃப். இல்லாமலே சமாளித்தன. பி.எஸ். 6இல் அது முடியாது.

கூடவே டீசலும் மாறியது. பி.எஸ். 4 டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் விதியின் இரண்டாம் கட்டம் நடப்பில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்லாமல் சாலையில் ஓடும்போதும் புகையை அளந்து பார்க்கும் முறை அதில் உண்டு. வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஓ.பி.டி. ஏற்பாடும் அதோடு கடுமையாயிற்று.

அந்தப் பெட்டிக்குள்

சைலன்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய பெட்டி தொங்குகிறது. புகை முதலில் ஆக்ஸிடேஷன் கேட்டலிஸ்ட் வழியாகப் போகும். அடுத்தது டி.பி.எஃப். இது தேனடை போன்ற பீங்கான் கட்டி. ஒரு குழாய் முன்னால் திறந்திருந்தால் பின்னால் மூடியிருக்கும், பக்கத்துக் குழாய் அதற்கு நேர்மாறு. புகை குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு எஸ்.சி.ஆர். யூரியா கரைசலைப் பீய்ச்சி நாக்ஸை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் பகுதி அது. பெட்டியைச் சுற்றிச் சூடு பார்க்கும் சென்சார்கள், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் பார்க்கும் சென்சார், நாக்ஸ் சென்சார்கள். அழுத்த சென்சாரின் சிறு குழாயில் ஓட்டை விழுந்தாலே வடிகட்டி அடைத்துவிட்டது என்று வண்டி பொய் சொல்லும். பெரிய செலவுக்குத் தலையாட்டும் முன் அந்தக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரி வேறு, சாம்பல் வேறு

விறகடுப்பில் கரியை மறுபடி எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டிக்குள்ளும் இதே கதைதான். கரி டீசலிலிருந்து வருகிறது, அதை வண்டியே எரித்துக்கொள்ளும். சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற பொருள்களிலிருந்து வருகிறது. அது எரியாது. கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

கரியை எரிப்பதற்குப் பெயர்தான் ரீஜென். அது இரண்டு வகையில் நடக்கும். லோடோடு நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் சூடு 250 டிகிரியைத் தாண்டி நிலைத்து நின்றால், கேட்டலிஸ்ட் உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்ல எரித்துவிடும். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறி கிருஷ்ணகிரி போகிற லோடு வண்டிக்கு இதில் கவலையே இல்லை. இந்தச் சூடு கிடைக்காத வண்டிகளில், கூடுதலாக டீசலைச் செலுத்தி வடிகட்டியை 550 முதல் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியை எரிக்கும் ஏற்பாடு தானாகத் தொடங்கும். விளக்கு எரியும், ஐடிலிங் கூடும், ஃபேன் ஓடும். பாதியில் சாவியைத் திருப்பி அணைப்பதுதான் டிரைவர்கள் செய்கிற பெரிய கெடுதல். எரிய வேண்டிய கரி அப்படியே நிற்கும். இப்படி அடிக்கடி பாதியில் விட்டால், சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைச் செலுத்தும் இன்ஜின்களில் எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் கம்பியில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். அது டீசல் கலந்த ஆயில், உடனே மாற்ற வேண்டும்.

நம் பகுதியில் வடிகட்டி அடைப்பது எந்த வண்டிகளில்? கல் குவாரிக்கும் எம்-சாண்ட் ஆலைக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிற டிப்பர்களில். எரிவாயு பாட்டிலிங் பிளான்ட் வாசலில் வரிசையில் நின்று நின்று நகரும் டேங்கர்களில். ஊருக்குள் கோழித்தீவனம் இறக்கும் சிறு லாரிகளில். இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். கரூர் பரமத்தி பக்கம் சித்திரை வெயிலில் லோடு ஏற்றக் காத்திருக்கும் டிரைவருக்கு ஏ.சி. வேண்டும்தான், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இன்ஜினை ஓடவிட்டு இரவு முழுக்கத் தூங்கினால் புகை சூடே ஏறாது, கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். அப்படிக் காத்திருந்த வண்டிக்கு மறுநாள் ஒரு மணி நேரமாவது நிற்காத நெடுஞ்சாலை ஓட்டம் கொடுங்கள். டிப்பர் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது லோடோடு அப்படி ஓட்டச் சொல்லலாம். அந்த டீசல் செலவு வடிகட்டி விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

விளக்கு எரிந்தும் ஓட்டத்தில் ரீஜென் நடக்கவில்லை என்றால் நிறுத்தி வைத்துச் செய்ய வேண்டியிருக்கும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். இடத்தைப் பார்த்து நிறுத்துங்கள். மோகனூர்ப் பக்கம் கரும்புச் சோகை காய்ந்து கிடக்கும் சாலையோரம், தேங்காய் நார் களம், வைக்கோல் போர், தகர ஷெட், பெட்ரோல் பங்க் எதுவும் கூடாது. புகைக்குழாய் முனையிலிருந்து வரும் காற்றே காய்ந்த புல்லைப் பற்றவைத்துவிடும். எரிவாயு டேங்கர் ஓட்டுபவர்கள் பிளான்ட் வளாகத்துக்குள் நுழையும் முன் ரீஜென் தடுப்பு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். வெளியே வந்ததும் மறக்காமல் எடுக்கவும் வேண்டும். மறந்து அப்படியே சென்னை வரை போய்விட்டு, வடிகட்டி சரியில்லை என்று கம்பெனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஆயில்

இந்தச் சிறிய விஷயத்தில்தான் உரிமையாளர்கள் கணக்குத் தவறுகிறார்கள். பி.எஸ். 3 வண்டிக்கு வாங்கி வைத்த பேரல் ஆயிலையே புது வண்டிக்கும் ஊற்றுவது எளிது, விலையும் குறைவு. பழைய சி.ஐ.-4 தர ஆயிலில் சாம்பல் தரும் பொருள்கள் கூடுதல். வடிகட்டி உள்ள வண்டிக்கு சி.கே.-4 அல்லது கம்பெனி கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த சாம்பல் ஆயில்தான் வேண்டும். சி.கே.-4இல் சாம்பல் அளவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. இரண்டு வகை வண்டியும் வைத்திருப்பவர்கள் பேரல்களை வேறு வேறு நிறத்தில் குறியிட்டு வையுங்கள். கிளீனர் அவசரத்தில் எதை எடுத்து ஊற்றுவார் என்று சொல்ல முடியாது.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் கந்தகமும் கூடவே வந்துவிடும். பங்க் பில் இல்லாத டீசலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பி.எஸ். 6 வண்டிக்கு ஊற்றாதீர்கள்.

யூரியா கரைசல்

டிரைவர்கள் யூரியா என்கிறார்கள், பில்லில் டெஃப் என்று இருக்கும். அட்-ப்ளூ என்பது ஜெர்மனியின் வாகனத் தொழில் சங்கத்துக்குச் சொந்தமான வணிகப் பெயர். உள்ளே இருப்பது நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். ஐ.எஸ்.ஓ. 22241 என்ற தரம் கேன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும்.

உரக்கடை யூரியாவைக் கரைத்து ஊற்றுவதைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். 2015 முதல் நம் நாட்டில் விற்கும் உர யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்பது விதி. வயலுக்கு அது நல்லது. எஸ்.சி.ஆர். நாசிலுக்கும் கேட்டலிஸ்ட்டுக்கும் அந்த எண்ணெயும், உரத்தில் இருக்கும் பையூரெட் போன்ற கலப்பும் விஷம். அதைக் கரைக்க எடுக்கும் தண்ணீரோ நம் ஊர் போர்த் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு கேட்டலிஸ்ட் மேலும் படியும். அங்கே தேய்த்துக் கழுவ வழியில்லை. மானிய விலை உரத்தை லாரிக்குத் திருப்புவது சட்டப்படியும் குற்றம், விவசாயியின் பங்கை எடுப்பதும் ஆகும்.

நல்ல கரைசலும் வெயிலில் கெடும். 30 டிகிரிக்குள் வைத்தால் ஓராண்டு தாங்கும். 35 டிகிரி வரை போனால் ஆறு மாதம்தான். அதற்கு மேல் போனால் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் ஏப்ரல், மே மாதங்களில் 40ஐ எளிதாகத் தாண்டும். ஆகவே மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள், நிழலான அறையில் ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வையுங்கள். இரும்பு, கால்வனைஸ் டிரம், பித்தளைக் குழாய், செம்பு ஆகியவை அதில் கரையும். கெட்டி பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டுமே சரி. டீசல் ஊற்றிய புனலை இதற்கு எடுக்கக் கூடாது. ஒரு துளி டீசல் போனாலும் பம்பின் ரப்பர் வீங்கும். டெஃப்பைத் தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியையே திருப்ப வேண்டாம், டேங்கை இறக்கிக் கழுவுங்கள்.

கையில் அடங்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் ஒரு சொட்டில் செறிவு தெரிந்துவிடும். நான்கைந்து வண்டி வைத்திருப்பவருக்கு அது வீண் செலவல்ல. டிரிப் ஷீட்டில் டீசலுக்குப் பக்கத்திலேயே டெஃப் கணக்கையும் எழுதுங்கள். 100 லிட்டர் டீசலுக்கு சுமார் 4 முதல் 6 லிட்டர் போகும். வழக்கத்தைவிடத் திடீரென்று குறைந்தால் நாசில் அடைத்திருக்கிறது அல்லது யாரோ தண்ணீர் கலக்கிறார்கள். கூடினால் எங்கோ ஒழுகுகிறது.

டெஃப் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ வண்டி முதலில் எச்சரிக்கும். அடுத்து இழுவிசையில் நான்கில் ஒரு பங்கைக் குறைக்கும். அப்போதும் கவனிக்காவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

சுத்தம் செய்வதும் பாடி கட்டுவதும்

சாம்பல் நிறைந்த வடிகட்டியைக் கழற்றி, அதற்கான அடுப்பில் சுட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடித்து எடுப்பதுதான் முறை. வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தத் தண்ணீர் அடித்தால் சாம்பல் சேறாகிக் குழாய்களுக்குள் இறுகிவிடும். ஆசிட் ஊற்றினால் கேட்டலிஸ்ட் பூச்சே போய்விடும். கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எடை போட்டு எழுதி வாங்குங்கள். எடை குறையவில்லை என்றால் சுத்தமாகவில்லை. மாட்டும் முன் இன்ஜெக்டர், டர்போ, ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இவ்வளவு செலவு செய்த பிறகு அதை விட்டுவிடுவது வீண்.

நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளுக்கு ஒரு வேண்டுகோள். சேஸியில் வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பையும், கையேடு சொல்லும் கண்ட்ரோலர் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். ஒரு நாக்ஸ் சென்சார் போனால் புது வண்டி முதல் டிரிப்பிலேயே நின்றுவிடும். புகைப் பெட்டியைச் சுற்றித் தார்பாய்ப் பெட்டியோ டூல் பாக்ஸோ மரப்பலகையோ வைக்காதீர்கள். வெப்பக் கவசத் தகட்டை இடைஞ்சல் என்று கழற்றாதீர்கள். டெஃப் டேங்கை இடம் மாற்றிக் குழாயை நீட்டுவதும் வேண்டாம்.

வெட்டி எடுப்பது

வடிகட்டியை உள்ளிருந்து வெட்டி எடுத்துவிட்டு, கண்ட்ரோலருக்குப் பொய்த் தகவல் கொடுக்கும் எமுலேட்டர் மாட்டுகிற வேலை ஊர் ஊராக நடக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை விதியை மீறி ஓட்டினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன் மாதத்தில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவர் டில்லியில் யாரோ ஒருவர் அல்லர். நம் டிரைவர், நம் கிளீனர், பட்டறையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும் பையன், டோல்கேட்டில் நிற்கிற பெண். நாமக்கல்லில் லாரித் தொழில் இல்லாத தெரு குறைவு. வடிகட்டியால் மிச்சமாவது இவர்களுடைய நுரையீரல்தான்.

டில்லி லோடும் பழைய வண்டியும்

வடக்கே ஓடுபவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். டில்லிக்கு வெளியே பதிவான சரக்கு வண்டிகளில் பி.எஸ். 6க்குக் கீழானவை 2025 நவம்பர் 1 முதல் அங்கே நுழையக் கூடாது என்று தலைநகர்ப் பகுதிக் காற்றுத் தர ஆணையம் உத்தரவிட்டது. பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டும் தவணை. இயற்கை எரிவாயு வண்டிகளுக்கும் மின்வண்டிகளுக்கும் இந்தத் தடை இல்லை. காற்று மிக மோசமாகும் நாள்களில் இன்னும் கூடுதல் கட்டுப்பாடு வரும். லோடு ஒப்புக்கொள்ளும் முன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த உத்தரவால் பழைய பி.எஸ். 6 வண்டிகளுக்குக் கிராக்கி ஏறும், வெட்டிய வண்டிகளும் சேர்ந்தே சந்தைக்கு வரும். வாங்குமுன் புகைக்குழாய் முனைக்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நல்ல வடிகட்டி உள்ள வண்டியில் துணி கிட்டத்தட்ட சுத்தமாகவே வரும். கருப்பாக வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே வடிகட்டியே இல்லை. பெட்டியில் புது வெல்டிங் தையல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஸ்கேனர் மாட்டி, வடிகட்டியின் அழுத்த வித்தியாசமும் நாக்ஸ் சென்சார் அளவும் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குகின்றனவா என்று கேளுங்கள். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அசையாமல் ஒரே எண்ணைக் காட்டினால் எமுலேட்டர் இருக்கிறது. அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.